தீப்பிடிக்காத விமானம்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி விமானத்தோடு விழுந்து இறந்த மறுவாரம், விமானப் பயிற்சிக் கழகம் அவரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு நல்ல செய்தி சொன்னது.

"விமானம் தீப்பிடிக்கவில்லை" என்றார் கழகத் தலைவர்.

இரங்கல் கூட்டம் ஹேங்கரில் நடந்தது. ஹேங்கர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. கழகத்துக்கு மூன்று சின்ன விமானங்கள். ஒன்று வெள்ளை, இரண்டு மஞ்சள். வெள்ளையை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு மஞ்சளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். இன்னொரு மஞ்சள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வயலில் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது. அதை ஓட்டி வந்தவர்தான் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி, கழகத்தின் பயிற்சி ஆசிரியை. பக்கத்து ஊர் ஓடுதளத்திலிருந்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். ஆறு ஒன்றுதான் தாண்ட பாக்கி.

தலைவர் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.

"பொதுவா என்ன நடக்கும்? விமானம் விழும். விழுந்ததும் எரியும். உலகம் பூரா இதுதான் வழக்கம். நம்ம கழகத்துல விழுந்தது. ஆனா எரியல. ஒரு பொறி கிடையாது, ஒரு புகை கிடையாது. நம்ம தீத்தடுப்பு ஏற்பாடுகளுக்கு இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேணும்? அந்த அம்மையார் தன் உயிரைக் கொடுத்து இதை நிரூபிச்சுட்டுப் போயிருக்காங்க."

பின்வரிசையில் சிலர் கை தட்டினார்கள். பிறகு இது இரங்கல் கூட்டம் என்பது ஞாபகம் வந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் பக்கத்தில் இருந்த மச்சினன் காதருகே குனிந்தார். மச்சினன் இறந்தவரின் தம்பி. அக்கா வீட்டிலேயே தங்கி, அக்காவிடமே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவன்.

"ஏன்டா எரியல?"

மச்சினன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எரியறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல மாமா. பெட்ரோல் தீந்துபோச்சு."

அவர் மேடையைப் பார்த்தார். மேடையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருப்பதுபோலத்தான் இருந்தது. தெரிந்த முகங்களுக்கு ஒரு அமைதி உண்டு. அது அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தது.

மனைவியின் பையை வாங்கிக்கொள்ளப் போனபோது, விமானங்களைப் பராமரிக்கும் மெக்கானிக் கையைக் கந்தையில் துடைத்துக்கொண்டே வந்தார். வயதானவர். கேட்காமலே சொன்னார்.

"குச்சி தப்பு சார்."

"என்ன குச்சி?"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று குச்சியைப் பற்றிப் பேசிவிட வேண்டும். விஷயம் எளிது, அழகானதும் கூட.

இந்தச் சின்ன விமானங்களில் பெட்ரோல் இறக்கைக்குள் இருக்கிறது. இறக்கை தட்டையானது, அதனால் டேங்கும் ஒரு பெரிய தாம்பாளத்தை மூடி போட்டதுபோலத் தட்டையாக இருக்கும். உள்ளே ஒரு மிதவை உண்டு. அது ஏறி இறங்குவதை வைத்து ஓட்டுபவர் முன்னால் ஒரு முள் ஆடும். ஆனால் தாம்பாளத் தண்ணீரைக் கையில் ஏந்தி நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு இடத்தில் நிற்காது. இறக்கை சாயும்போதெல்லாம் பெட்ரோல் ஒரு பக்கம் ஓடும், மிதவையும் ஓடும், முள்ளும் ஓடும். அந்த முள்ளை நம்பிக் குடும்பஸ்தர் யாரும் கிளம்ப மாட்டார்கள். தரையில் நிற்கும்போதே இறக்கை மேல் ஏறி, மூடியைத் திறந்து, ஒரு மரக்குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். குச்சி எதுவரை நனைந்திருக்கிறதோ அதுதான் மட்டம். அதன் பக்கத்தில் எத்தனை லிட்டர் என்று கோடு போட்டிருக்கும். பெட்ரோல் சட்டென்று உலர்ந்துவிடும், எனவே எடுத்தவுடன் படித்துவிட வேண்டும். இவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், சக்கரம் வேண்டாம், கெட்டுப்போக எதுவும் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. குச்சி அளப்பது உயரத்தை, லிட்டரை அல்ல. ஒரு விரல் உயரத் தண்ணீர் டம்ளரில் ஒரு மடக்கு. அண்டாவில் அதே ஒரு விரல், ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போதும். ஆகவே ஒவ்வொரு வகை டேங்குக்கும் அதற்கென்று ஒரு குச்சி. வெள்ளை விமானத்துக்கு அகலமான டேங்க். அதன் குச்சி வேறு. மஞ்சள் இரண்டுக்கும் குறுகலான டேங்க். அவற்றுக்கு ஒரே குச்சி.

அந்த மஞ்சள் குச்சிக்குத்தான் போன வருடம் பெரிய கௌரவம் கிடைத்தது. இத்தனை காலமும் ஒரு விமானம்கூடப் பெட்ரோல் இல்லாமல் விழாத கழகம் என்று விருது கொடுத்தார்கள். விருதைப் பெற்றுக்கொண்ட தலைவர், இதற்கெல்லாம் காரணம் இந்தக் குச்சிதான் என்று மனமுருகிப் பேசினார். பேசியதோடு நிற்காமல் குச்சியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டின் மேல் கிடத்தி, பூட்டி, தன் அறையில் மாட்டிக்கொண்டார்.

"மறுநாள் ஓட்டறதுக்குக் குச்சி இல்ல" என்றார் மெக்கானிக். "போய்க் கேட்டேன். புதுசா ஒண்ணு செஞ்சுக்கோன்னாங்க. எதைப் பார்த்துச் செய்யறது? பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. அது நினைவுச் சின்னமாம். வெள்ளைக் குச்சிதான் இருந்துச்சு. அதைப் பார்த்துச் செஞ்சேன்."

"வெள்ளையோட கோடுங்களை மஞ்சளுக்கா?"

"மஞ்சள் பெயிண்ட் அடிச்சுட்டேன்ல சார்."

அதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கமாகவும் சொல்லவில்லை. சொன்னார்கள், செய்தேன் என்பதுபோலச் சொன்னார்.

கண்ணாடிக் கடைக்காரருக்கு விமானம் தெரியாது. ஆனால் இது புரிந்தது. ஒருவருடைய பவரை இன்னொருவருடைய ஃபிரேமில் மாட்டிக் கொடுத்த மாதிரி. மூக்கில் கச்சிதமாக உட்காரும். கண்ணாடியில் பார்த்தால் தன்னுடையதுபோலவே இருக்கும். தெருவில் இறங்கினால்தான் பள்ளம் மேடாகத் தெரியும். ஊருக்கு மேல் சின்னச் சுற்று சுற்றியவரை குச்சியின் தப்பும் வெளியே தெரிந்திருக்காது. அவர் மனைவி மறதிக்காரர் அல்ல. வீட்டில் காஸ் மூடியிருக்கிறதா என்று கதவைப் பூட்டிய பிறகும் திரும்பிப் போய்ப் பார்ப்பவர். அன்றைக்கும் இறக்கை மேல் ஏறி, குச்சியை விட்டு, எடுத்து, படித்திருப்பார். மஞ்சள் குச்சி தாராளம் என்று சொல்லியிருக்கும்.

"இப்ப அந்தக் குச்சி எங்க?"

மெக்கானிக் துணி மூடிய விமானத்தைக் காட்டினார். "அதுக்குள்ளதான். அதுக்கும் இதானே குச்சி."

அன்றிலிருந்து கண்ணாடிக் கடைக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. விசாரணை முடியும்வரை அந்த விமானம் மூடிக் கிடக்கும். முடிந்ததும் துணியை எடுப்பார்கள். எடுத்ததும் அதில் முதலில் ஏறப்போகிறவன் அவர் மச்சினன். பயிற்சியில் அவனுக்கு ஒரு தனிப் பயணம்தான் பாக்கி. அந்தத் துணியை எடுப்பதற்குள் யாராவது வாய் திறந்து "பெட்ரோல் தீர்ந்துபோனது, குச்சி தவறு" என்று சொல்லிவிட்டால் போதும். வேறு எதுவும் அவருக்கு வேண்டாம்.

விசாரணைக்கு ஓர் ஆணையர் வந்தார். ஓய்வுபெற்றவர், வெள்ளை மீசை, மெல்லிய குரல். அவர் அருகில் தலைவர் உட்கார்ந்தார், விசாரிக்கப்படுபவர் என்ற முறையில் அல்ல, அறையின் சொந்தக்காரர் என்ற முறையில். ஏனென்றால் விசாரணை நடந்தது தலைவர் அறையில். சுவரில் கண்ணாடிப் பெட்டி. கண்ணாடிக் கடைக்காரருக்கு அதன் எதிரே ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள்.

முதல் நாள், ஆணையர் தன் முறையை விளக்கினார்.

"விபத்துக்குக் காரணம் மூணுல ஒண்ணாத்தான் இருக்க முடியும். மனிதன், இயந்திரம், இயற்கை. இந்த மூணுக்கும் எங்ககிட்ட மூணு நிபுணர்கள் இருக்காங்க. அதனால நாலாவது காரணம் எதுவும் வர்றதில்ல."

"ஐயா, பெட்ரோல் தீந்துபோச்சு" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

ஆணையர் அதை அலட்சியப்படுத்தவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல. பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"பெட்ரோல் எந்தப் பிரிவு?"

மனிதன் நிபுணர், அது மனிதன் இல்லை என்றார். இயந்திரம் நிபுணர், பெட்ரோல் இயந்திரத்துக்குள் போகிற பொருள்தானே தவிர இயந்திரம் ஆகாது, நாம் சாப்பிடுகிற சாப்பாடு நாம் ஆகிவிடுமா என்று கேட்டார். இயற்கை நிபுணர், பூமிக்கு அடியில் இருக்கும்வரை அது தன் பொறுப்பு, சுத்திகரித்த பிறகு இல்லை என்று கையைக் கழுவினார். மதியம் முழுக்கப் பேசினார்கள். பேச்சு சூடாகவும் பண்பாகவும் இருந்தது. சாயங்காலம் ஆணையர் முடிவு சொன்னார்.

"பெட்ரோல் இருந்திருந்தா அதை எதாவது ஒரு பிரிவுல சேர்த்திருக்கலாம். இல்லாத பொருளை எதுல சேர்க்கிறது?"

இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். மிக நல்ல நிலையில் இருந்தது. அது ஏன் நின்றது என்ற கேள்விக்கு இயந்திரம் நிபுணர், "தன் பக்கத்துல எந்தத் தப்பும் இல்லாம நின்னிருக்கு" என்று சாட்சி சொன்னார். அன்றைய வானத்தைப் பார்த்தார்கள். மேகம் இல்லை, காற்று இல்லை.

பெட்ரோலில் கலப்படம் இருந்ததா என்று பார்ப்பதும் முறைதான். அதற்காக விழுந்த விமானத்தின் டேங்கிலிருந்து ஒரு பாட்டில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மூடியைத் திறந்தார்கள், பாட்டிலைப் பிடித்தார்கள், இறக்கையைச் சாய்த்தார்கள். எதுவும் வரவில்லை. ஆனாலும் பாட்டிலைச் சும்மா விடவில்லை. மூடி, அரக்கு வைத்து, முத்திரை குத்தி அனுப்பிவைத்தார்கள். ஆய்வகம் அதைச் சோதித்துப் பதில் எழுதியது. ஆணையர் அந்தப் பதிலை எழுந்து நின்று வாசித்தார்.

"அனுப்பிய மாதிரியில் எந்தக் கலப்படமும் காணப்படவில்லை."

"அதுல பெட்ரோலே இல்லியே ஐயா" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"அதான் சொல்றாங்க. தண்ணி இல்ல, தூசி இல்ல, துரு இல்ல. இவ்வளவு சுத்தமான மாதிரி அவங்களுக்கு வந்ததே இல்லியாம்."

தலைவர் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். நெகிழ்ந்துபோயிருந்தார்.

கண்ணாடிக் கடைக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்தார். வாழ்க்கையில் இதுவரை அவர் பேசியதெல்லாம் மெதுவாகத்தான். கண்ணுக்குப் பக்கத்தில் முகம் வைத்து வேலை செய்கிறவருக்கு உரக்கப் பேசிப் பழக்கம் இருக்காது. அந்தக் குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னார். குச்சி, அகலம், உயரம், பெயிண்ட். கடைசியில் தன் தொழிலிலிருந்து அந்த உதாரணத்தையும் சொன்னார்.

"உங்க கண்ணாடியை எடுத்து அவர் போட்டுக்கிட்டா எப்படி ஐயா? ஃபிரேம் பொருந்தும். பார்வை பொருந்துமா?"

ஆணையர் உன்னிப்பாகக் கேட்டார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க சொன்னதும்தான் ஞாபகம் வருது" என்றார். "இந்தக் கை ரொம்ப நாளா லூசா இருக்கு. குனிஞ்சா விழுந்துடுது. உங்களால முடியுமா?"

கண்ணாடிக் கடைக்காரரின் சட்டைப் பையில் சின்னத் திருப்புளி எப்போதும் இருக்கும். அவர் என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே கை அதை எடுத்து, ஆணியை முறுக்கி, துடைத்துக் கொடுத்துவிட்டது. ஆணையர் போட்டுப் பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"அருமை. இந்த மாதிரி ஒத்துழைப்பு எல்லாக் குடும்பத்துலயும் கிடைக்காது."

ஆனால் ஆணையர் நியாயமானவர். குச்சியைப் பற்றி ஒரு புகார் வந்திருக்கிறது, எனவே இரண்டு குச்சிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றார். கண்ணாடிக் கடைக்காரர் பெட்டியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

"பெட்டியைத் திறக்க முடியாது" என்றார் தலைவர். "திறந்தா அது பயன்பாட்டுப் பொருள் ஆயிடும். பயன்பாட்டுப் பொருள்னா வருஷா வருஷம் சோதிக்கணும். அதைச் சோதிக்கறதுக்கு நம்மகிட்ட ஆள் இல்ல."

"திறக்க வேண்டாம். வெளியிலேர்ந்தே பார்க்கலாம்" என்றார் ஆணையர்.

மெக்கானிக் புதுக் குச்சியைக் கொண்டுவந்தார். பெட்டிக்கு வெளியே, கண்ணாடியின் மேல், உள்ளே இருக்கும் குச்சிக்கு நேராகப் பிடித்தார். மூன்று நிபுணர்களும் நெருங்கி நின்று பார்த்தார்கள்.

"நீளம் சரி" என்றார் இயந்திரம்.

"நிறம் சரி" என்றார் இயற்கை.

கண்ணாடிக் கடைக்காரர் இடையில் தலையை நுழைத்தார். "கோடு? கோட்டைப் பாருங்க ஐயா."

உள்ளே இருக்கும் குச்சியில் கோடு தெரியவில்லை. கோடு போட்ட பக்கம் வெல்வெட்டை நோக்கி இருந்தது. மேல்பக்கம் வழவழப்பாக வார்னிஷ் அடித்து, அதில் தலைவர் பெயரையும் விருதின் பெயரையும் செதுக்கியிருந்தார்கள்.

"கோடு பின்னாடி இருக்கு" என்றார் தலைவர். "இருக்குங்கறதுக்கு நான் உத்தரவாதம்."

"புதுக் குச்சியிலயும் கோடு இருக்கா?"

"இருக்குங்க" என்றார் மெக்கானிக்.

"இதுலயும் இருக்கு, அதுலயும் இருக்கு" என்றார் ஆணையர். "குச்சிகள் பொருந்துது."

வெளியே வந்ததும் கண்ணாடிக் கடைக்காரர் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல."

"என்ன கேட்டாங்களோ அதுக்குச் சொன்னேன் சார். கோடு இருக்கான்னாங்க. இருக்கு. எந்தக் கோடுன்னு கேக்கலியே." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "எனக்கும் பொண்ணு இருக்கு சார். வேலை போனா எந்த ஹேங்கர்ல என்னைச் சேர்ப்பாங்க?" மறுபடி போனார்.

கடைசி நாள், தலைவர் தன் தரப்பைச் சொன்னார். அது ஒரு வாதம்போல இல்லை. ஒரு நல்ல ஆசிரியர் பாடம் நடத்துவதுபோல இருந்தது.

"போன வருஷம் விருது வாங்கினதும் பொதுக்குழுவைக் கூட்டினோம். 'இக்கழகத்தில் எரிபொருள் தீர்ந்துபோதல் என்பது முற்றாக ஒழிக்கப்பட்டுவிட்டது' அப்படின்னு தீர்மானம் போட்டோம். ஒருமனதா. அந்த அம்மையாரும் கை தூக்கினாங்க. ஒழிச்ச ஒண்ணு திரும்ப எப்படி வரும்? வந்துச்சுன்னா தீர்மானம் பொய்யாகும். தீர்மானம் பொய்யானா விருது பொய்யாகும். விருது குடுத்தவங்க யாரு?" ஆணையரைப் பார்த்துக் கைகூப்பினார். "ஐயாதான்."

ஆணையர் அடக்கமாகத் தலைகுனிந்தார். கண்ணாடி விழவில்லை.

அன்று மாலை ஆணையர் கண்ணாடிக் கடைக்காரரையும் மச்சினனையும் தனியாக அழைத்தார். குரலில் உண்மையான பரிவு இருந்தது.

"ரெண்டு விதமா முடிக்கலாம் தம்பி. 'விமானியின் கவனக்குறைவு' அப்படின்னு முடிக்கலாம். இல்லன்னா 'காரணம் அறியப்படவில்லை' அப்படின்னு முடிக்கலாம். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். உங்க அக்கா பேரு கெடாது. ஆனா காரணம் தெரியலன்னா, விமானத்து மேல சந்தேகம் வரும். சந்தேகம் வராம இருக்கணும்னா, குடும்பத்துலேர்ந்து ஒருத்தர் அதே மாதிரி விமானத்துல சந்தோஷமா ஏறிப் பறக்கணும். அடுத்த வாரம் இங்க ஒரு பாராட்டு விழா. தீப்பிடிக்காததுக்கு."

 வீட்டுச் சமையலறையில் மச்சினன் அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார்.

"நீ ஏறக் கூடாது."

"ஏறலேன்னா அக்கா கவனக்குறைவுன்னு எழுதிடுவாங்க மாமா. எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. காப்பி ஆத்தும்போதுகூட 'குச்சியைப் பாத்தியா, குச்சியைப் பாத்தியா'ன்னு கேட்டுட்டே இருப்பா. அவளைப் போய்."

"எழுதட்டும்டா. பேரு போனா போகட்டும்."

"உங்களுக்குப் போகட்டும். எனக்குப் போகாது."

"ஊருக்கு மேலயே ஒரு சுத்து சுத்திட்டு வந்தா போதாதா? ஆத்தைத் தாண்டணுமா?"

"தாண்டித் திரும்பணும்னு தலைவர் சொல்லிட்டாரு. அந்த வயலுக்கு மேல பூ போடணுமாம்." மச்சினன் தண்ணீரை வடித்தான். "கூடுதலா ஊத்தச் சொல்லிக் கேட்டேன் மாமா. குச்சி போதும்னு காட்டுது, அதுக்கு மேல ஊத்தினா குச்சியை நம்பலன்னு அர்த்தம், விழா நாள்ல அது வேண்டாம்னுட்டாங்க. ஊத்திட்டு மூடிக்கு அரக்கு வேற வைக்கப் போறாங்க."

"நீ ஒரு மறுப்பும் சொல்லலியா?"

"சொன்னேன். உங்க அக்கா இப்படி எதிர்த்துப் பேசினதில்லியேன்னாங்க."

விழா நாள் வெயில் நன்றாக இருந்தது. ஹேங்கருக்கு வெளியே மேடை போட்டு, பின்னால் வரிசையாகக் கழகத்தின் கொடிகளைக் கட்டியிருந்தார்கள். காற்றே இல்லை; கொடிகள் துவைத்துப் போட்ட துண்டுபோலத் தொங்கின. மேடைக்கு அந்தப் பக்கமாக மஞ்சள் விமானத்தை நிறுத்தியிருந்தார்கள். வாலை மேடைப் பக்கம் திருப்பி நிறுத்தியது தலைவரின் யோசனை. காற்றாடி சுற்றினால் பின்னால் காற்று அடிக்கும். அடித்தால் கொடி பறக்கும். படம் நன்றாக வரும்.

மச்சினன் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டான். அவன் மடியில் ஒரு பூக்கூடை. சாவியைத் திருப்புவதற்கு முன்னால் வலதுபக்கக் கதவு திறந்தது. கண்ணாடிக் கடைக்காரர் உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"மாமா, இறங்குங்க."

"மாட்டேன்."

"தனியாத்தான் போகணும். இன்னொருத்தர் உள்ள இருந்தா கிளம்பவே விடமாட்டாங்க."

"தெரியும். அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

ஒரு நிர்வாகி ஓடிவந்து கதவுக் கண்ணாடியைத் தட்டினார். பிறகு இரண்டு பேர் வந்தார்கள். ஆனால் புகைப்படக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். துக்கத்தில் இருக்கும் ஒரு கணவனைக் காலைப் பிடித்து இழுப்பது படத்துக்கு நன்றாக இருக்காது. மேடையிலிருந்து தலைவர் கை காட்டினார். சரி, இருக்கட்டும், எஞ்சினை மட்டும் போடச் சொல்லுங்கள், அவராகவே இறங்குவார், அதற்குள் பேசி முடித்துவிடுகிறோம்.

மச்சினன் சாவியைத் திருப்பினான். காற்றாடி சுற்றியது. கொடிகள் ஒரு குலுங்கு குலுங்கி, பிறகு படபடவென்று பறந்தன. கூட்டம் ஆரவாரித்தது. தலைவர் இன்னும் கொஞ்சம் வேகம் என்று கையைச் சுழற்றிக் காட்டினார். மச்சினன் இன்னும் கொஞ்சம் கூட்டினான். கொடிகள் விறைத்து நின்றன.

இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்: நின்ற இடத்தில் நின்றாலும் எஞ்சின் சும்மா சுற்றுவதில்லை. இறக்கையிலிருந்து சன்னமான குழாய் வழியாகப் பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும். வேகத்தைக் கூட்டினால் அதிகமாக இறங்கும். விமானம் நகராவிட்டாலும் அதன் பயணம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தலைவர் பேசினார். தீ என்றால் என்ன, அது மனித குலத்துக்கு எப்படி நண்பனாகவும் பகைவனாகவும் இருந்து வந்திருக்கிறது, எந்தெந்த நாட்டில் எத்தனை விமானங்கள் எரிந்தன, இங்கே எரியாதது தற்செயல் அல்ல என்று விரிவாகப் பேசினார். ஓரக்கண்ணால் விமானத்தைப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர் இறங்கவில்லை. ஆணையரைப் பேச அழைத்தார்.

"காரணம் அறியப்படவில்லை" என்றார் ஆணையர். "இது எளிதாக வந்த முடிவு அல்ல. மூன்று நிபுணர்கள் இரவு பகலாக உழைத்து இந்தக் காரணத்தை அறியாமல் இருந்திருக்கிறார்கள். அறிந்துகொள்வது யாருக்கும் முடியும். அறியாமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும்."

கை தட்டினார்கள். அவரும் ஓரக்கண்ணால் பார்த்தார். உட்காரப் போனவர், தலைவர் கண்ணால் கெஞ்சியதைப் பார்த்து மறுபடி மைக்கைப் பிடித்துத் தன் இளமைக்காலத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அதன்பின் மூன்று நிபுணர்களும் பேசினார்கள். பிறகு தலைவர் எல்லோருடைய பேச்சையும் தொகுத்துச் சொன்னார். தீப்பிடிக்காததற்கான பாராட்டுப் பட்டயத்தைக் கையில் வாங்கித் தூக்கிக் காட்டினார்.

விமானத்துக்குள் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. முள் நாலில் ஒரு பங்கு என்று காட்டிக்கொண்டு இலேசாக நடுங்கியது. கண்ணாடிக் கடைக்காரர் அதைப் பார்க்கவில்லை; மச்சினனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் அரிசி கழுவிய வெள்ளை இன்னும் இருப்பதுபோலத் தோன்றியது.

எஞ்சின் ஒருமுறை இருமியது.

டேங்க் காலியாகும்போது அப்படித்தான். ஒரே மூச்சில் நிற்காது. குழாயில் பெட்ரோலுக்குப் பின்னால் காற்று வரும், மறுபடி கொஞ்சம் பெட்ரோல் வரும், மறுபடி காற்று. இரண்டு முறை இருமியது, ஒரு முறை பாய்ந்து எழுந்தது, பிறகு காற்றாடி தனித்தனி இதழாகத் தெரிய ஆரம்பித்து, குறுக்காக ஒரு கோணத்தில் நின்றுபோனது. கொடிகள் ஒவ்வொன்றாகத் தொங்கின.



மச்சினன் சாவியைத் திருப்பினான். காற்றாடி அசைந்து நின்றது. மறுபடி திருப்பினான். அப்படியே கையை எடுத்து மடியிலிருந்த பூக்கூடையின் மேல் வைத்துக்கொண்டான். முன் கண்ணாடி வழியே வெளியே பார்த்தான். அங்கே ஓடுதளம், அதற்கு அப்பால் தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் வெயிலில் ஆறு ஒரு கீற்றாக.

"இந்நேரம் அங்க இருந்திருப்பேன் மாமா" என்றான்.

கண்ணாடிக் கடைக்காரர் கையை நீட்டி அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

மேடையில் தலைவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "இறந்த ஆசிரியைக்கு மரியாதை செலுத்தும் விதமாகத் தன் எஞ்சினைத் தானே நிறுத்திக்கொண்ட இந்த இளம் விமானியைப் பாராட்டுகிறேன்" என்றார். கூட்டம் எழுந்து நின்றது. எழுந்து நின்றவர்களில் சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மெக்கானிக் ஏணியோடும் இரண்டு கேன்களோடும் வந்தார். அரக்கை உடைத்தார். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தவர், சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஊற்றினார். மஞ்சள் குச்சியை விட்டு எடுத்து, மேடையைப் பார்த்து, "போதும்" என்று குரல் கொடுத்தார். 

மச்சினன் பட்டையைக் கழற்றினான். பூக்கூடையை மாமாவின் மடியில் வைத்துவிட்டு இறங்கினான்.  சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு நிர்வாகி வந்து ஏதோ கேட்டார். அவன் தலையை ஆட்டினான். இல்லை, இல்லை என்று ஆட்டிக்கொண்டே இருந்தான்.

தலைவர் மைக்கில் அடுத்த மாணவியை அழைத்தார். ஒல்லியான பெண், நெற்றி வரைக்கும் தொப்பி. ஓட்டமும் நடையுமாக வந்து இடதுபக்க இருக்கையில் ஏறினாள். பட்டையைப் போட்டாள். சாவியைத் தொட்டவள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தயங்கினாள்.

"சார், நீங்க இறங்கலியா?"

"இல்லம்மா. நான் இங்கதான் இருக்கப் போறேன்."

"நீங்க இருந்தா நான் கிளம்ப முடியாதே சார்."

"ஆமா."

அவள் மேடையைப் பார்த்தாள். சக்கரத்தோரம் உட்கார்ந்திருக்கும் மச்சினனைப் பார்த்தாள். கேன்களைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகிற மெக்கானிக்கைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சார், இதுல இப்ப எவ்வளவு இருக்கு?"

"தெரியாதும்மா" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "இங்க யாருக்குமே தெரியாது."

அவள் சாவியிலிருந்து கையை எடுத்தாள்.